உஷார்! உங்கள் பணம் யார் வீட்டு ரூஃபில்?

கான்ட்ராக்டரைப் பேசி முடித்து, பூமி பூஜைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அட்வான்ஸ் இன்னும் கைமாறவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். கைமாறிவிட்டது என்றால், அடுத்த தவணையையாவது நிறுத்தி வைத்துவிட்டு இதைப் படித்துவிடுங்கள்.

சென்னையின் புறநகரோ, கோவை, திருச்சி, மதுரையைச் சுற்றிப் புதிதாக விரியும் நகர்களோ, எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு வீடு கண்ணில் படும். ரூஃப் போட்டாகிவிட்டது. செங்கல் சுவருக்குப் பூச்சு இல்லை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திறப்பு. மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பிகளில் துரு. பக்கத்து வீட்டில் கேட்டால், "கான்ட்ராக்டர் பாதியில விட்டுட்டுப் போயிட்டாருங்க" என்பார்கள். வீட்டுக்காரர் வேறெங்கோ வாடகையும் கொடுத்துக்கொண்டு, வங்கிக்கு வட்டியும் கட்டிக்கொண்டிருப்பார்.

அஸ்திவாரத்தோடு நின்ற வீடு அபூர்வம். டைல்ஸ் ஒட்டியபின் நின்ற வீடும் அபூர்வம். பெரும்பாலும் ரூஃப் போட்ட கையோடுதான் வேலை நிற்கிறது. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? கான்ட்ராக்டர் காணாமல்போகப்போகும் கட்டம் எதுவென்று, நீங்கள் கையெழுத்துப் போட்ட தவணைப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

30 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் போடும்போது 20 சதவீதம், பேஸ்மென்ட் முடிந்ததும் 20, லிண்டல் மட்டத்தில் 20, ரூஃப் கான்கிரீட்டுக்கு 20, பூச்சுக்கு 15, சாவி வாங்கும்போது 5. இப்படியொரு பட்டியலைத்தான் பலரும் நீட்டுவார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ரூஃப் போட்ட அன்று நீங்கள் கொடுத்து முடித்திருப்பது 24 லட்சம். அன்றைக்கு மனையில் நிற்கும் வேலையோ மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல், தாராளமாகப் போட்டாலும் 16 லட்சத்துக்குத்தான் இருக்கும். வயரிங், பிளம்பிங், பூச்சு, டைல்ஸ், கதவு, ஜன்னல், பாத்ரூம் சாமான், பெயின்ட், மாடியில் தட்டோடு எல்லாம் இனிமேல்தான். கூலியும் அதிகம், பொருளும் விலை, வீட்டுக்காரரின் கேள்விகளும் ஆரம்பிக்கும் கட்டம் அது. அதையெல்லாம் செய்து முடிக்க ஆகும் செலவு 14 லட்சம். கான்ட்ராக்டருக்கு வரவேண்டிய பாக்கி 6 லட்சம். அவர் எதற்காகத் திரும்பி வரவேண்டும்?

நடந்த வேலைக்கு மேல் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த அந்த 8 லட்சம் பெரும்பாலும் அவர் பையில்கூட இருக்காது. உங்களுக்கு முன் அவர் எடுத்த வீட்டுக்கு டைல்ஸாகவும் கதவாகவும் போயிருக்கும். அங்கேயும் ரூஃபோடு பணம் தீர்ந்துவிட்டதால், உங்கள் அட்வான்ஸை வைத்து அதை முடித்துக் கொடுத்தார். இனி உங்கள் வீட்டை முடிக்க அவருக்கு இன்னொருவரின் அட்வான்ஸ் வேண்டும். தொழிலில் இதற்கு ரொட்டேஷன் என்று பெயர். "பணம் ரொட்டேஷன்ல இருக்கு சார், அடுத்த வாரம் ஆள் இறக்கிடுறேன்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். புது ஆர்டர் வந்துகொண்டிருக்கும்வரை சக்கரம் ஓடும். ஒரு மாதம் புது ஆர்டர் வராவிட்டால், அல்லது சிமென்ட், கம்பி விலை சட்டென்று ஏறிவிட்டால், ஒரே நேரத்தில் நாலைந்து வீடுகள் நின்றுவிடும். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே இல்லாத, பேச்சில் தங்கமான மனிதர்கூட இதில் மாட்டியிருப்பார். அதனால்தான் "ஆள் நல்லவர்" என்ற சிபாரிசை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்கிறேன். அவருடைய பணம் எப்படி ஓடுகிறது என்பதைப் பாருங்கள்.

இந்தச் சுழலில் இருப்பவரை ஒரு போன் அழைப்பிலேயே கண்டுபிடிக்கலாம். "சார், நாளைக்குக் கம்பி ரேட் ஏறுதுன்னு கடைக்காரர் சொல்றாரு. இன்னைக்கே ஒரு ரெண்டு லட்சம் போட்டுவிட்டீங்கன்னா லோடு இறக்கிடலாம்." தவணை வர நாள் இருக்கும்போதே இந்த அழைப்பு வரும், பெரும்பாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில். அப்போது சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "கடை பேரையும் பில்லையும் அனுப்புங்க. பணத்தை நேரா கடைக்கே போடுறேன். லோடு என் மனையில இறங்கட்டும்." உண்மையிலேயே கம்பிக்காகக் கேட்டவர் சந்தோஷமாகச் சம்மதிப்பார். இரண்டு நாள் போனை எடுக்காதவர் எதற்காகக் கேட்டார் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

நேர்மையான கான்ட்ராக்டர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடமும் கைமுதல் அதிகம் இருக்காது. ஒரு ரூபாய்கூட முன்பணம் கிடையாது என்று நிற்பது நியாயமில்லை, நடக்கவும் நடக்காது. ஆள் இறக்க, சென்ட்ரிங் சாமான் கொண்டுவர ஒரு சிறு தொகை, மொத்தத்தில் 5 சதவீதம் அளவில் கொடுக்கலாம். அதற்குமேல் பெரிய பொருளுக்கெல்லாம் கடைக்கு நேரடியாகக் கொடுங்கள். கூலியை நடந்த வேலைக்கு ஏற்பக் கொடுங்கள். தவணைகளை ஆறாக வைக்காமல் பத்து, பன்னிரண்டாக உடையுங்கள். ரூஃப் போட்ட அன்று நீங்கள் கொடுத்த மொத்தம் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கடைசி 5 சதவீதம், சாவி வாங்கி ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு.

சனிக்கிழமை சாயங்காலம்

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். உங்கள் ஆயுள் சம்பாத்தியத்தைப் போட்டு வீடு கட்டித்தர எந்த லைசென்ஸும் வேண்டியதில்லை. தனியார் வீட்டுக் கான்ட்ராக்டராக இருக்க இங்கே கட்டாயப் படிப்போ, பதிவோ, தேர்வோ கிடையாது. விசிட்டிங் கார்டில் 'பதிவு பெற்ற கான்ட்ராக்டர்' என்றிருந்தால், எங்கே பதிவு என்று கேளுங்கள். பொதுப்பணித்துறைப் பதிவு அரசு வேலை எடுப்பதற்கானது. ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கானது. இரண்டும் அவர் கட்டிய சுவருக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் ஜி.எஸ்.டி. எண் கொடுத்தால், அரசு இணையதளத்தில் போட்டு அது அவர் பெயரில்தானா, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதில் பொய் சொல்பவர் கம்பியில் உண்மை பேசமாட்டார்.

முடித்த வீடுகளின் போட்டோ ஆல்பத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் கட்டி மூன்று நான்கு வருடம் ஆன ஒரு வீட்டின் முகவரியை வாங்கிக்கொண்டு, அவர் இல்லாமல் நீங்களே போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. மாடிக்குக் கீழ் அறையின் மூலை, பாத்ரூமுக்கு வெளிச்சுவர், ஜன்னல் சன்ஷேட் சுவரோடு சேரும் இடம் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் "நல்லா கட்டினாரா?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லாத்தான்" என்பார்கள். "முதல்ல பேசின தொகை எவ்வளவு, கடைசியில கொடுத்தது எவ்வளவு? கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் கூப்பிட்டப்போ வந்தாரா?" என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம், இப்போது அவர் வேலை நடத்தும் மனை. சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். கட்டட வேலையில் அன்றுதான் வாரச் சம்பளப் பட்டுவாடா. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்த வாரக் கூலி முழுசாகக் கைக்கு வருகிறதா, "பாதி இப்போ வாங்கிக்க, மீதி புதன்கிழமை" என்று சமாதானம் நடக்கிறதா என்பதை ஓரமாக நின்று கவனியுங்கள். சித்தாளாக வேலை செய்யும் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசினால், எந்த வார்டு உறுப்பினரும் தராத விவரம் கிடைக்கும். கூலி பாக்கி வைப்பவர் ரொட்டேஷனில் கழுத்துவரை இருக்கிறார். அப்படியே அந்த வட்டாரத்து ஹார்டுவேர் கடை, கம்பிக் கடை, செங்கல் ஏஜென்ட் மூன்று பேரிடமும், "இவருக்கு வீடு கொடுக்கலாம்னு இருக்கேன், எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். கடைப் பாக்கி தீராத கான்ட்ராக்டருக்காக, உங்கள் மனையில் இறங்கிய பொருளையே திருப்பி ஏற்றிக்கொண்டு போவதும் நடக்கும்.

சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர் என்றால் இன்னும் கூடுதல் உஷார் வேண்டும். "மாமா, நமக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்?" என்று அவர் சொல்லும்போது பதில் பேச உங்களுக்கு நாக்கு எழாது. பின்னால் சண்டை வந்தால் வீடும் போய், உறவும் போய்விடும். உறவு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதிக்கொள்வோம் என்று பெரியவர்களை வைத்துச் சொல்லவையுங்கள்.

சதுர அடி ரேட் என்னும் கண்ணி

"சதுர அடி 1,899 ரூபாய் மட்டுமே!" என்ற விளம்பரத்தில் எந்த அடி, எதை அளந்த அடி என்பது இருக்காது. போர்ட்டிகோ, பால்கனி, மாடிப்படியின் ஹெட்ரூம் இதையெல்லாம் முழுப் பரப்பாகச் சேர்ப்பார்களா, பாதியாகவா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கைப்பிடிச் சுவர், தட்டோடு, லாஃப்ட், கேட் உள்ளே வருமா? அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம்வரை அந்த ரேட்? பேஸ்மென்ட் உயரம் எவ்வளவு, அதற்கு மண் நிரப்புவது யார் செலவு? கட்டும் காலத்தில் தண்ணீரும் தற்காலிக மின் இணைப்பும் யார் பொறுப்பு? இத்தனைக்கும் பதில் வாங்கிக் கூட்டிப் பார்த்தால், 1,899 சொன்னவர் 2,300 சொன்னவரைத் தாண்டிப் போயிருப்பார். குறைந்த ரேட் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, 'எக்ஸ்ட்ரா' பில்லில் ஈடுகட்டுவது பழைய வழக்கம். பாதிச் சுவர் எழும்பியபின் உங்களால் ஆளை மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தில் பொருட்களின் பட்டியலில் பெரிய கம்பெனிப் பெயர்களாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'அல்லது அதற்கு இணையான' என்று மூன்று சொல் சேர்த்திருப்பார்கள். அந்த மூன்று சொல்லுக்குள்தான் மலிவான வயரும், தகடு போன்ற குழாயும், பேர் தெரியாத சிமென்டும் நுழையும். அடித்துவிடுங்கள். அல்லது, 'வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும்' என்று சேர்த்துவிடுங்கள். டைல்ஸ், குழாய், கதவு போன்றவற்றுக்கு ஒரு சதுர அடிக்கு, ஒரு கதவுக்கு எத்தனை ரூபாய் என்று விலை எழுத வேண்டும். எக்ஸ்ட்ரா வேலைக்கு முன்கூட்டியே ரேட் பேசி, 'எழுத்தில் சம்மதம் இல்லாமல் செய்த எக்ஸ்ட்ராவுக்குப் பணம் இல்லை' என்ற வரியும் இருக்க வேண்டும். எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும், தாமதத்துக்கு மாதம் எவ்வளவு பிடித்தம், நடுவில் பிரிய நேர்ந்தால் யார் வந்து அளந்து கணக்குத் தீர்ப்பது என்பதையெல்லாம் சிரித்துப் பேசும் நாளிலேயே எழுதிவிடுங்கள்.

"பில் வேணுமா, இல்லாம பண்ணிக்கலாமா? பில் இல்லன்னா உங்களுக்கு மிச்சம்" என்பார்கள். பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த பணத்தை நாளை எந்த மன்றத்திலும் நிரூபிக்க முடியாது. அத்தோடு, ஒரே ஆளிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டமே தடுக்கிறது. எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம், அதாவது லேபர் கான்ட்ராக்ட் மட்டும் என்றால் ஜி.எஸ்.டி.யே கிடையாது. மனைக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, வீட்டில் ஒருவருக்குத் தினமும் போய்ப் பார்க்க நேரமும் இருந்தால், பொருளை நீங்களே வாங்கிக்கொடுத்து லேபர் கான்ட்ராக்ட் விடுவதுதான் பாதுகாப்பானது என்பது என் அபிப்பிராயம். அலைச்சல் அதிகம்தான். ஆனால் முன்பணம் என்ற பேச்சே பாதி குறைந்துவிடும்.

இன்னொன்று. மனையின் மூலப் பத்திரம், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, பொது அதிகாரப் பத்திரம் இந்த மூன்றையும் எந்தக் கான்ட்ராக்டர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். லோன் வாங்கித்தருகிறேன், பிளான் அப்ரூவல் வாங்கித்தருகிறேன் என்றுதான் கேட்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடம்

பண முடையில் இருக்கும் கான்ட்ராக்டர் டைல்ஸிலோ பெயின்ட்டிலோ கைவைப்பதில்லை, அது உங்கள் கண்ணில் பட்டுவிடும். கான்கிரீட்டுக்குள்ளே போய் மறைந்துவிடுவதில்தான் கைவைப்பார். அங்கே குறைந்தது பணம் மட்டுமாக இருக்காது, உங்கள் குடும்பத்தின் உயிராகவும் இருக்கலாம்.

கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். டி.எம்.டி. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும். அந்த நீளத்துக்கு 8 மி.மீ. கம்பி 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.66 கிலோ, 16 மி.மீ. 18.96 கிலோ இருக்க வேண்டும். மொத்தமாக எடை போடும்போது, 10 மி.மீ. வரை 7 சதவீதமும், அதற்குமேல் 16 மி.மீ. வரை 5 சதவீதமும் முன்பின் இருக்க இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. அதற்குக் கீழே போனால், 12 என்று சொல்லி 11-ஐ விற்கிறார்கள் என்று பொருள். லாரியை எடைமேடையில் ஏற்றிவிட்டு, இறங்கும்போது கம்பிகளின் எண்ணிக்கையையும் எண்ணுங்கள். எடைக்கணக்கில் விலை, எண்ணிக்கைக் கணக்கில் பலம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கம்பியின் மேலேயே கம்பெனிப் பெயரும் ரகமும் அழுத்திப் பதித்திருக்கும். கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டிய நிலையை வரைபடத்தோடு ஒப்பிட்டு, டேப் வைத்து இடைவெளி அளந்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா? அதை வைக்காமல் ஜல்லியைச் செருகிவிட்டால் கம்பி வெளியே தெரிந்து, சில வருடங்களில் துரு ஏறி, சீலிங் பெயர்ந்து விழும்.

சிமென்ட்டுக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. எம்20 கான்கிரீட்டை ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்று கலந்தால், ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை ஆகும். 1,000 சதுர அடிக்கு 5 அங்குல ரூஃப் என்பது சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். ஸ்லாபுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 95 மூட்டை, பீமுக்குத் தனி. ரூஃப் போடும் நாளில் காலையிலிருந்து இருந்து காலி மூட்டைகளை எண்ணிப் பாருங்கள். 70 மூட்டையில் முடித்துவிட்டார்கள் என்றால் மீதி எங்கே? மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டியது வேண்டாம். எம் சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி வருகிறதா என்றும் பாருங்கள். கையில் எடுத்துத் தேய்த்தால் மாவு போல் ஒட்டிக்கொள்ளும்.

கலவை இழுக்கச் சுலபமாக இருக்க வேண்டும் என்று மில்லரில் ஹோஸை வைத்துத் தண்ணீரை விடுவார்கள். இப்படிக் கலக்கும் எம்20-க்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சவரம்பு. அதற்குமேல் போகும் ஒவ்வொரு லிட்டரும் பலத்தைத் தின்னும். தடுக்க வேண்டியது நீங்கள்தான், ஏனென்றால் அங்கே மற்ற எல்லோருக்கும் வேலை சீக்கிரம் முடிய வேண்டும்.

ரூஃப் போட்டபின் இன்னொரு ஆபத்து. சென்ட்ரிங் தகடும் முட்டும் வாடகைச் சாமான். அடுத்த மனையில் அது தேவைப்படும்போது, உங்கள் முட்டுகளைப் பிரிக்கத் துடிப்பார்கள். 4.5 மீட்டருக்குள், அதாவது 15 அடிக்குள் அகலமுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள், 6 மீட்டர்வரை பீமுக்கு 14 நாள், அதற்குமேல் 21 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. இதுவும் சாதாரண ஓ.பி.சி. சிமென்டுக்கு. கடைகளில் இப்போது அதிகம் கிடைக்கும் பி.பி.சி. என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள். வாட்ச்மேன் ஊருக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் கான்கிரீட்டுக்குத் தெரியாது.

இதையெல்லாம் யார் பார்ப்பது? கான்ட்ராக்டரின் இன்ஜினீயர் அவர் சம்பளத்தில் இருப்பவர். வங்கியிலிருந்து வரும் இன்ஜினீயர், வங்கி கொடுக்கும் கடனுக்கு ஏற்ற சுவர் எழும்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவார். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு, சுயசான்று முறையில் இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் அனுமதி வந்துவிட்டதாலேயே யாரோ அதிகாரி உங்கள் பில்லர் கம்பியைச் சரிபார்த்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். கான்ட்ராக்டருடன் எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சிவில் இன்ஜினீயரை, நீங்கள் சம்பளம் கொடுத்து, அஸ்திவாரம், பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் ஒவ்வொரு கான்கிரீட்டுக்கு முன்பும் வரவையுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் அடுத்த தவணை இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பணத்தையும் தரத்தையும் ஒரே முடிச்சில் கட்டும் வழி இதுதான்.

மண் பரிசோதனை, ஸ்ட்ரக்சுரல் டிசைன் இரண்டையும் "சின்ன வீட்டுக்கு எதுக்கு சார்?" என்று தள்ளிவிடுவார்கள். ஏரிக்கரை, பழைய வயல், களிமண் பூமி என்றால் ஒப்புக்கொள்ளவே கூடாது. 2014 ஜூன் 28 அன்று, சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பலர் அங்கே கட்டட வேலைக்கு வந்திருந்த ஏழைத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற அதன் இரட்டைக் கட்டடத்தை, 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. அது பெரிய கட்டடம், உங்களுடையது சின்ன வீடு, உண்மைதான். ஆனால் காகிதத்தில் அனுமதி இருப்பதும் மண்ணுக்கு மேல் கட்டடம் நிற்பதும் வேறு வேறு என்பது இரண்டுக்கும் பொது.

பழைய வீட்டில் கைவைக்கும்போது

புது வீட்டைவிட, பழைய வீட்டைத் திருத்தும் வேலையில்தான் எனக்குப் பயம் அதிகம். ஹாலைப் பெரிதாக்கச் சுவரை எடுக்கிறோம், மேலே ஒரு மாடி எழுப்புகிறோம், பாத்ரூமை இடம் மாற்றுகிறோம் என்று கிளம்புவார்கள். பில்லர் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும்படி கட்டிய வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அந்தச் சுவரில் ஒன்றை எடுத்தால் மேலே இருப்பது உட்காரும். "ஒண்ணும் ஆகாது சார், நான் பத்து வீட்ல எடுத்திருக்கேன்" என்று சொல்லும் மேஸ்திரியின் தைரியத்தை நம்பி எடுக்காதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்து பார்த்து எழுதிக்கொடுத்த பிறகுதான் சுத்தியல் விழ வேண்டும். குழாய் போக பீமைத் துளைப்பது, பில்லரைச் செதுக்குவது எதற்கும் அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். பாத்ரூமுக்கு வாட்டர் ப்ரூஃப் செய்தபின் ஒரு முழு நாளாவது தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழே கசிவு இல்லை என்று பார்த்தபின்தான் டைல்ஸ் ஒட்டலாம். இடிக்கத் தொடங்கினால் உள்ளே என்ன கிடக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் திருத்தும் வேலைக்கு மொத்தத் தொகை பேசி அட்வான்ஸ் கொடுப்பது மகா ஆபத்து. வேலைவாரியாக அளந்து, முடிந்ததற்கு மட்டும் கொடுங்கள்.

புது சம்ப், செப்டிக் டேங்கின் சென்ட்ரிங்கைப் பிரிக்க ஆள் இறங்கும் நாள் இன்னொரு கண்டம். மூடிக் கிடந்த தொட்டிக்குள் பலகை ஊறி, காற்றில் பிராணவாயு குறைந்து, இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்துச் செத்த சம்பவங்கள் நம் மாநிலத்தில் நடந்திருக்கின்றன. மூடியை முழுக்கத் திறந்து நீண்ட நேரம் காற்றோட விட்டு, மின்விசிறியோ புளோயரோ வைத்து, இடுப்பில் கயிறோடு மட்டுமே இறங்கவிடுங்கள்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊரில் கட்டுகிறவர்களே, வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். வேறொரு மனையின் ரூஃபைக் காட்டித் தவணை வாங்கிவிடலாம். தெருமுனையிலிருந்து நடந்து வந்து உங்கள் மனைக்குள் நுழையும் நேரலை வீடியோவைக் கேளுங்கள். அதை எடுப்பவர் உங்கள் இன்ஜினீயராக இருக்கட்டும். வயதான அப்பாவைக் கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்ட விடாதீர்கள். "தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போட அவருக்கு நீங்கள் உரிமை கொடுங்கள்.

ஏற்கெனவே வேலை நின்றுவிட்டவர்களுக்கு

ரெரா என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். விற்பதற்காகக் கட்டும் புரமோட்டர்களுக்கான சட்டம் அது. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டும் கான்ட்ராக்டரை அது தொடாது. உங்களுக்கு உதவக்கூடியது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவை என்பதற்கான அதன் விளக்கத்தில் வீட்டுக் கட்டுமானமும் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம்வரை கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "அடுத்த மாசம் ஆரம்பிச்சுடுறேன்" என்ற வார்த்தையை நம்பிக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பலாம். புகார் கொடுத்ததற்கான ரசீதை மட்டும் விடாமல் வாங்கி வையுங்கள்.

கோபத்தில் உடனே இன்னொரு மேஸ்திரியைக் கூட்டிவந்து மீதியை ஆரம்பித்துவிடாதீர்கள். அப்படிச் செய்துவிட்டால் பழைய ஆள் எதுவரை கட்டினார், எதைச் சொதப்பினார் என்பதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும். முதலில் வக்கீல் மூலம் நோட்டீஸ், பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில். பிறகு ஒரு தனி இன்ஜினீயரை வைத்து நடந்த வேலை முழுவதையும் அளந்து, மதிப்பு போட்டு, தேதியோடு போட்டோவும் வீடியோவும் எடுத்து, கான்கிரீட் மேல் சந்தேகம் இருந்தால் கோர் எடுத்துச் சோதித்து, எல்லாவற்றையும் அறிக்கையாகக் கையெழுத்தோடு வாங்குங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை, அந்தச் சுவரில் புது ஆள் ஒரு கரண்டி சாந்துகூட வைக்க வேண்டாம்.